புண் ஆறினாலும் வலி ஆறாதது ஏன்?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கும் சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவை. நான்கும் ஆசனவாய் வெடிப்பு (ஃபிஷர்) பற்றியவை. எழுதியவர்கள் அனைவருமே பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன். சர்க்கரை நோயைப் பற்றியோ மூட்டு வலியைப் பற்றியோ எழுதுகிறவர்கள் பெயரை மறைக்கச் சொல்வதில்லை. இந்த நோயாளிகள் வலியோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அதனாலேயே பல மாதங்கள் தாமதமாக வருகிறார்கள். எனவே முதல் கடிதத்துக்கு வழக்கத்தைவிட நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 41. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் தரையில் உட்கார்ந்து பற்றவைக்கும் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு மலச்சிக்கலுக்குப் பிறகு ஒருநாள் மலம் கழிக்கும்போது கண்ணாடிச் சில்லால் அறுத்தது போல வலித்து, ரத்தமும் சொட்டியது. முதலில் மருந்துக் கடையில் கேட்டு மூல வியாதிக் களிம்பு வாங்கிப் போட்டேன். பிறகு ஒரு மருத்துவரிடம் காட்டியபோது ‘ஃபிஷர்’ என்று சொல்லி வேறு களிம்பு கொடுத்தார். மூன்று வாரத்தில் குறைந்ததால் நிறுத்திவிட்டேன். இப்போது ரத்தம் வருவதில்லை. ஆனால் காலையில் மலம் கழித்து அரை மணி நேரத்தில் ஒரு வலி தொடங்கி, மதியச் சாப்பாடு வரை இழுத்துப் பிடிக்கிறது. உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. மறுநாள் போக வேண்டுமே என்ற பயத்தில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். ஆசனவாய் ஓரத்தில் சிறிய சதை ஒன்றும் தொங்குகிறது. புண் ஆறிய பிறகும் ஏன் வலிக்கிறது? இது புற்றுநோயாக இருக்குமா? நூல் கட்டி எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? அறுவை சிகிச்சை செய்தால் மலத்தை அடக்க முடியாமல் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், சிவதாபுரம்)

பதில்: உங்கள் கடிதத்தில் நோயைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய அனைத்தும் இருக்கின்றன. நீங்கள் அனுபவிப்பது இரண்டு வெவ்வேறு வலிகள். மலம் வெளியேறும் அந்த நேரத்தில் அறுப்பது புண்ணின் வலி. அரை மணி கழித்துத் தொடங்கி மதியம் வரை இழுத்துப் பிடிப்பது தசையின் வலி. ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள் இருக்கின்றன. வெளிப்புறத் தசையை நாம் நினைத்தால் இறுக்கலாம், நினைத்தால் தளர்த்தலாம். உட்புறத் தசை நம் சொல்லுக்குக் கட்டுப்படாதது. இரவும் பகலும் தானாகவே இறுகி நின்று, நாம் அறியாமலேயே மலமும் வாயுவும் கசியாமல் காப்பது அதன் வேலை. தோலில் வெடிப்பு ஏற்பட்டவுடன் இந்த உட்புறத் தசை அளவுக்கு மீறி இறுகிக்கொள்கிறது. கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதே வகையான இழுப்பு ஆசனவாய்க்குள் மணிக்கணக்கில் நீடிக்கிறது. ஆகவே உங்கள் வலி கற்பனை என்றோ, பயத்தால் வருவது என்றோ யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

இந்த இறுக்கம் வலியைத் தருவதோடு நின்றுவிடுவதில்லை. இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாகப் பாய்வதில்லை. பெரும்பாலானோருக்கு வெடிப்பு ஏற்படுவது ஆசனவாயின் பின்புறத்தில், நடுக்கோட்டில். அந்த இடத்துக்கு இயல்பிலேயே ரத்தக் குழாய்கள் குறைவு என்பதை 1989-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ரத்தக் குழாய்களைப் படம் பிடித்துக் காட்டினார்கள். ரத்தம் போதாத இடத்தில் புண் எப்படி ஆறும்? ஆறாத புண் தசையை மேலும் இறுக்குகிறது, இறுகிய தசை புண்ணை ஆறவிடாமல் தடுக்கிறது. இந்தச் சுற்றை எந்த இடத்திலாவது அறுப்பதுதான் சிகிச்சை முழுவதன் நோக்கமும்.

ரத்தம் நின்றுவிட்டதால் புண் ஆறிவிட்டது என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வெடிப்பை நாட்பட்ட வெடிப்பு என்கிறோம். அதன் விளிம்புகள் தடித்துப்போய், அடியில் தசை நார்கள் வெண்மையாகத் தெரியத் தொடங்கும். ரத்தம் அதிகம் வராது, வலி மட்டும் தங்கிவிடும். ஓரத்தில் தொங்குகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் சதையும் நாட்பட்ட வெடிப்பின் அடையாளமே. அது மூலம் இல்லை. புண்ணின் வெளி நுனியில் தோல் வீங்கி வளர்ந்த ஒரு நீட்சி. அதனால் ஆபத்தும் இல்லை, பெரும்பாலும் அது வலிப்பதும் இல்லை. அதை மட்டும் நூல் கட்டி அறுத்துவிட்டால் உள்ளே இருக்கும் வெடிப்பு அப்படியே இருக்கும், புதிதாக இன்னொரு புண்ணும் சேரும். ஆயுர்வேதத்தில் மருந்து ஏற்றிய நூலைக் கொண்டு செய்யும் சிகிச்சை முக்கியமாகப் பௌத்திரத்துக்கு (ஆசனவாய் அருகே உருவாகும் புரைக் குழாய்க்கு) உரியது. முறையாகப் பயின்ற ஆயுர்வேத மருத்துவர்கள் அதைப் பெரும்பாலும் அந்த நோய்க்குத்தான் செய்கிறார்கள். பேருந்து நிலையச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம், வெடிப்பு – ஒரே நாளில் குணம்’ என்று ஒட்டப்பட்டிருக்கும் விளம்பரங்கள் மூன்றையும் ஒன்றாகவே பார்க்கின்றன. அத்தகைய இடங்களில் திசுவை அரித்துவிடும் மருந்தை ஊசியில் ஏற்றியதால் ஆசனவாய் சுருங்கிப்போய் வந்தவர்களுக்கு நாங்கள் வைத்தியம் பார்ப்பது உண்டு. அந்தக் கதவைத் தயவுசெய்து தட்டாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில், இரவுச் சாப்பாட்டை இன்றே மீண்டும் தொடங்குங்கள். உணவைக் குறைத்தால் மலம் குறையும், வலியும் குறையும் என்று மனம் கணக்குப் போடுகிறது. உடல் வேறு விதமாக நடந்துகொள்கிறது. குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு மலம் சிறு சிறு உருண்டைகளாக இறுகி வரும். போக வேண்டும் என்ற உணர்வு வரும்போது பயந்து அடக்கினால், குடல் அதிலிருக்கும் நீரை மேலும் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் வருவது அதைவிடக் கடினமாக இருக்கும். புண்ணுக்கு வேண்டியது மென்மையான, உருத்திரண்ட, நாள்தோறும் தவறாமல் வரும் மலம். பேதி மருந்து சாப்பிட்டு நீராகப் போக வைப்பதும் கூடாது. நீர்த்த மலம் அடிக்கடி பட்டாலும் வெடிப்பு எரியும், ஆறாது.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது இசப்கோல் உமி. இரண்டு தேக்கரண்டி உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, அது கெட்டியாகும் முன் குடித்துவிட்டு, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் உமியை மட்டும் சாப்பிட்டால் மலம் இன்னும் இறுகும். வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் இதற்கும் அவற்றுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். உமி மட்டும் போதாது என்றால் லாக்டுலோஸ் போன்ற, மலத்தை இளக்கும் மருந்தை மருத்துவர் சேர்ப்பார். உங்கள் தொழிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பற்றவைக்கும்போது சுடர் ஆடக் கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்தி வைத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். எழுந்தால் வேலை கெடும் என்று தண்ணீரும் குடிக்க மாட்டீர்கள். இடக்கை எட்டும் தூரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு, மதியத்துக்குள் அதைக் காலி செய்வதென்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு முறை எழுந்து சில நிமிடங்கள் நடந்துவிட்டு வாருங்கள்.

கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம்; முக்க வேண்டாம். வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம், உணர்வு வரும்போது மறுபடியும் போகலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானாகவே இயங்கும் என்பதால் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நம் வழக்கமான, குந்தி உட்காரும் கழிப்பறை இந்த நோய்க்கு நல்லதே. மேற்கத்திய இருக்கை உள்ளவர்கள் காலடியில் ஒரு சிறிய முக்காலியைப் போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால் போதும். போவதற்கு முன் சிறிதளவு வெள்ளை வாசலின் தடவிக்கொள்வது உராய்வைக் குறைக்கும்.

உங்களுடைய அந்த இரண்டாவது வலிக்கு வெதுவெதுப்பான தண்ணீரைப் போல உடனடியாகக் கேட்கும் வைத்தியம் வேறில்லை. மலம் கழித்துக் கழுவிய உடனே, வலி தொடங்குவதற்குக் காத்திராமல், அகலமான பிளாஸ்டிக் டப்பில் முழங்கை தாங்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, இடுப்பு மூழ்கும்படி 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். உப்பும் வேண்டாம், கிருமிநாசினியும் வேண்டாம். இரண்டும் புண்ணை எரிக்குமே தவிர ஆற்றாது. உட்கார்ந்திருக்கும்போது வயிறு வெளியே தள்ளும்படி மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மூச்சை இழுக்கும்போது ஆசனவாய் தளர்வதை நீங்களே உணர முடியும். பிறகு தேய்க்காமல், துண்டால் ஒற்றி எடுங்கள். மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. இவ்வளவு எளிய காரியத்தைப் பலர் நான்கு நாள் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

களிம்பு பற்றி. மருந்துக் கடையில் நீங்கள் வாங்கிய மூலக் களிம்புகள் பலவற்றில் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சில நாட்களுக்கு இதமாக இருந்தாலும், தொடர்ந்து போட்டால் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். மெலிந்த தோல் மறுபடியும் வெடிக்கும். மருத்துவர் கொடுத்தது அநேகமாக நிஃபெடிபின் அல்லது 2 சதவீத டில்டியாசெம் களிம்பாக இருக்க வேண்டும். இவை இறுகிய உட்தசையைத் தளர்த்தி, அந்த இடத்துக்கு ரத்தத்தைக் கொண்டுவருகின்றன. பட்டாணி அளவு எடுத்து, ஆசனவாயின் விளிம்பிலும் சற்றே உட்புறத்திலும் தடவினால் போதும். ஆழமாக விரலை விட வேண்டியதில்லை. காலை, மாலை இரண்டு வேளையும், ஆறு முதல் எட்டு வாரம் வரை, வலி போய்விட்டாலும் நிறுத்தாமல் போட வேண்டும். மூன்று வாரத்தில் உங்களுக்குக் குறைந்தது தசையின் இறுக்கம் மட்டுமே. புண் மூடுவதற்கு இன்னும் அத்தனை வாரம் தேவைப்பட்டிருக்கும். இதே வேலையைச் செய்யும் நைட்ரோகிளிசரின் களிம்பு பலருக்குக் கடுமையான தலைவலியைத் தரும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் நைட்ரோகிளிசரினைத் தொடவே கூடாது; ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

வலிக்கு பாரசிட்டமால் சாப்பிடலாம். டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கி, குறைந்த வலியை மறுநாள் இரட்டிப்பாகத் திருப்பித் தரும்.

களிம்பால் பாதிக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். எட்டு வாரத்துக்குப் பிறகும் ஆறாதவர்களுக்கு போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் தசைக்குள் ஊசியாகப் போட்டுச் சில மாதங்களுக்குத் தளர்த்தி வைக்கலாம், அல்லது அறுவை சிகிச்சை செய்யலாம். உட்சுருக்குத்தசையின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பங்கை மட்டும் பக்கவாட்டில் வெட்டி விடுவதே அந்த அறுவை சிகிச்சை. தென்னாப்பிரிக்க அறுவை மருத்துவர் ஐசன்ஹாமர் 1951-இல் உட்தசையை வெட்டும் முறையை விவரித்த பிறகு, அது படிப்படியாகத் திருத்தப்பட்டு இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கிறது. 100 பேரில் 90-க்கும் மேற்பட்டோருக்கு இதனால் புண் ஆறிவிடுகிறது. பலருக்கு அந்த நீண்ட வலி சில நாட்களிலேயே விட்டுவிடும். அடக்க முடியாமல் போகும் என்ற அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது: சிலருக்கு வாயுவை அடக்குவதில் சிரமம் வரலாம், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், ஒரு சிலருக்கு அது நிலைத்துவிடலாம். மலமே கட்டுப்பாடின்றி வெளியேறுவது அரிது. இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லும் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். லேசர் என்று சொன்னாலும் பெரும்பாலான இடங்களில் வெட்டப்படுவது அதே தசைதான். பெயருக்காகக் கூடுதல் பணம் கட்ட வேண்டியதில்லை.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுக்கோட்டில் வரும் சாதாரண வெடிப்பு புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தாலும், காசநோய், குரோன் நோய் (ஒரு வகைக் குடல் அழற்சி), எச்.ஐ.வி., புற்றுநோய் ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். அதற்காகவாவது ஒரு முறை அறுவை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவில் காட்டலாம். விரலை விட்டுப் பார்ப்பார்களே என்ற பயம் உங்களைத் தடுக்க வேண்டாம். கடுமையான வலி உள்ளவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தோலை மெதுவாக விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் வெடிப்பு தெரிந்துவிடும். வலி இருக்கும்போது உள்ளே பார்க்க வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம், நல்ல மருத்துவர் அதை ஏற்றுக்கொள்வார்.

கேள்வி: வணக்கம் டாக்டர். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 27. இரண்டாவது குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது, தாய்ப்பால் கொடுக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு தொடங்கிய ஆசனவாய் வலி இன்னும் போகவில்லை. பழம் பறிக்கும் நாட்களில் தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே இருப்பேன். ‘பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று மாமியார் சொல்கிறார். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்து இறுகிப் போகிறது, அதை நிறுத்தலாமா?
(வாசகி, ஏற்காடு)

பதில்: பிரசவத்துக்குப் பிறகு வெடிப்பு வருவது பரவலானது என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி, ஏழு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது சரியில்லை. பெண்களில் சிலருக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின், வெடிப்பு ஆசனவாயின் முன்புறத்தில் வரும். அவர்களுக்குத் தசையின் இறுக்கம் அவ்வளவு அதிகமாக இருப்பதில்லை. பிரசவத்தின்போது தசையே காயப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே தசையை வெட்டும் அறுவை சிகிச்சைக்கு யாராவது அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் மலத்தை இளக்குவது, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது ஆகிய இரண்டையும் மேலே எழுதியிருப்பதைப் போல ஒழுங்காகச் செய்ய வேண்டும். இசப்கோலும் லாக்டுலோஸும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பாதுகாப்பானவை. டில்டியாசெம் போன்ற களிம்புகளைத் தாய்ப்பால் கொடுப்பதைச் சொல்லி, மருத்துவரிடம் கேட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

இரும்புச் சத்து மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். அது மலத்தைக் கறுப்பாக்குவது இயல்பு. இறுக்குகிறது என்று சொன்னால் மருத்துவர் வேறு வகை இரும்புச் சத்தைக் கொடுப்பார், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொல்வார். ரத்தத்தில் ஏறுவது அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது. உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதைப் பேசுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளிலேயே தனியாக அழைத்துச் சொல்லலாம். எந்த நாளில் பெண் மருத்துவர் இருப்பார் என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முடியாவிட்டால் கீழே சேலத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் உட்கார்ந்து இறங்குவது உங்கள் வலிக்குக் கடினமாக இருக்கும் என்பதால், கிளம்பும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து எழுந்து, ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, மெத்தென்ற துணியை மடித்துப் போட்டு ஒருபுறமாகச் சாய்ந்து உட்காருங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையை நெடுநேரம் பயன்படுத்த வேண்டாம்; அது அந்தப் பகுதியைக் கீழே தொங்கவிட்டு வீக்கத்தைக் கூட்டும்.

தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் மருத்துவக் கேள்வியின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை அமைத்துத் தர வேண்டிய பொறுப்பை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே நிர்வாகத்தின் மீது சுமத்தியது. நீங்கள் ஒருவர் கேட்கத் தயங்கினால், உடன் பறிக்கும் பெண்களோடு சேர்ந்து கேளுங்கள். நாள் முழுவதும் அடக்குவதும் தாகத்தோடு இருப்பதும் உங்கள் ஒருவருடைய பிரச்சினையாக நிச்சயம் இருக்காது. அதுவரை, காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, சூடான தண்ணீரோ காபியோ குடித்து, சிற்றுண்டியையும் முடித்து, வீட்டிலேயே மலம் கழித்துவிட்டுக் கிளம்பும்படி பழக்கிக்கொள்ள முயலுங்கள். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த அரை மணி நேரம் கிடைப்பது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உதவியை மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வெடிப்பு வந்ததிலிருந்து ‘உடல் சூடு’ என்று சொல்லி வீட்டில் தினமும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறார்கள். கோழிக்கறியும் காபியும் நிறுத்தப்பட்டுவிட்டன. இரவில் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார்கள். கொய்யாப்பழ விதை புண்ணில் குத்தும் என்பதால் அதையும் விட்டுவிட்டேன். இவை சரிதானா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி)

பதில்: மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவுச் சத்தை மட்டும் பிரித்துச் செய்யப்படுவது ஜவ்வரிசி, நார்ச்சத்து முழுவதும் ஆலையிலேயே திப்பியாக ஒதுங்கிவிடுகிறது. நம் மாவட்டமே அதற்குப் பெயர் பெற்றது என்றாலும், வெடிப்பு உள்ளவருக்கு அது நாள்தோறும் முக்கிய உணவாக இருக்கக் கூடாது. வயிற்றை நிரப்பும், மலத்துக்கு உடம்பு கொடுக்காது. அந்த இடத்தில் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், கீரையோடு சாமைச் சோறு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மலைவாழ் மக்கள் தலைமுறைகளாகச் சாப்பிட்டு வரும் சாமையும் தினையும் சேலத்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஒரு நாளைக்கு 25 முதல் 35 கிராம் நார்ச்சத்து தேவை. இதை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும் என்பதால் இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.

கொய்யாவைத் தாராளமாகச் சாப்பிடலாம். மென்று விழுங்கினால் அதன் விதை புண்ணில் சென்று குத்துவதில்லை. கோழிக்கறி வெடிப்பை உண்டாக்காது, ஆனால் பரோட்டாவும் கறியும் மட்டுமாக ஒரு வேளை முடிந்தால் அதில் நார்ச்சத்தே இல்லை. அதனால்தான் மறுநாள் துன்பம் வருகிறது, பழி கோழியின் மேல் விழுகிறது. காபி குடலை இயக்குவதால் காலையில் ஒரு டம்ளர் குடிப்பது பலருக்கு உதவியாகவே இருக்கும். காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மிளகாயின் காரம் முழுவதும் செரிக்காமல் வெளியேறும்போது திறந்த புண்ணை எரிக்கும். மாலையில் தட்டுவடை செட் சாப்பிடும் பழக்கம் இருந்தால், காரச் சட்னி இல்லாமல் கேளுங்கள். விளக்கெண்ணெயை எப்போதாவது ஒரு நாள் குடிப்பதில் குற்றமில்லை; தினமும் குடித்தால் வயிற்றுப் போக்கும் நீர் இழப்பும் ஏற்படும். உங்கள் வயதில் மலம் கழிக்கும் வழக்கம் அண்மையில் மாறியிருந்தாலோ, மலத்தோடு ரத்தம் கலந்து வந்தாலோ, எடை குறைந்தாலோ, உணவு மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் பெருங்குடல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் கைத்தறி நெசவு செய்கிறேன். வயது 52. ஐந்து மாதத்துக்கு முன் வெடிப்புக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மலம் கழிக்கும்போது இப்போது வலியே இல்லை. ஆனால் தறியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் உள்ளே ஏதோ உருண்டை அழுத்துவது போன்ற மந்தமான வலி வருகிறது, படுத்தால் குறைகிறது. ‘புண் சுத்தமாக ஆறிவிட்டது, ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் சொல்கிறார். யூடியூபில் பார்த்து ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி செய்கிறேன். சரியாகுமா?
(வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: அந்தப் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். தசை தளர்ந்துபோய் மலமோ சிறுநீரோ கசிகிறவர்களுக்கு உரியது அது. உங்களுக்கு இருப்பது அதற்கு நேர்மாறான நிலையாகத் தோன்றுகிறது. பல மாதங்கள் வலியோடு இருந்தவர், வலிக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே இடுப்பின் அடித்தளத் தசைகளை எந்நேரமும் இறுக்கிக்கொண்டே இருப்பார். புண் ஆறிய பிறகும் அந்தப் பழக்கம் தசையில் தங்கிவிடுகிறது. உட்கார்ந்தால் கூடுவது, படுத்தால் குறைவது, உருண்டை இருப்பது போன்ற உணர்வு, மலம் கழிக்கும்போது வலி இல்லாதது ஆகிய நான்கும் சேர்ந்து இதைத்தான் காட்டுகின்றன. உங்கள் மருத்துவர் புண்ணைப் பற்றிச் சொன்னது உண்மையாக இருக்கும். ‘ஒன்றுமில்லை’ என்று முடித்ததுதான் குறை.

தசைக் காரணம் என்று உறுதி செய்வதற்கு முன் சிலவற்றை விலக்க வேண்டும். ஆழத்தில் சிறிய சீழ்க்கட்டி இருந்தாலும் இத்தகைய வலி வரும். காய்ச்சல், துடிப்பு, ஈரக் கசிவு இருந்தால் உடனே காட்டுங்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். இரவில் திடீரென்று குத்தி, சில நிமிடங்களில் தானே மறைந்துவிடும் வலி வேறு வகை. அது பயமுறுத்தினாலும் தீங்கற்றது.

மற்றபடி உங்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மார்பை நோக்கி மடித்துப் பிடித்துக்கொண்டு, வயிறு உயரும்படி மூச்சை இழுத்து, வாயு வெளியேறும்போது விடுவதைப் போல ஆசனவாயை மெல்லத் தளர விடுங்கள். வெளியே தள்ளி முக்க வேண்டாம். காலையும் இரவும் பத்து நிமிடம் செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவதைத் தொடருங்கள். இடுப்பு அடித்தளத் தசைகளுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் கிடைத்தால், தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் காட்டிப் பழக்கும் முறை இந்த வலிக்கு நல்ல பலன் தரும். பல வாரங்கள் பிடிக்கும். ஓரிரு நாளில் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

குழித்தறியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதிக்கும்போது உடலின் பாரம் முழுவதும் நீங்கள் வலிக்கிறது என்று சொல்லும் இடத்தில்தான் விழுகிறது. உட்காரும் பலகையின் மேல் தடித்த கம்பளியை நான்காக மடித்துப் போடுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை தறியை விட்டு எழுந்து, இழை முடிவது போன்ற, நின்று செய்யக்கூடிய வேலைகளை அந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு, வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்தபோது குறைந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே அந்தத் தாளோடு போய், ‘புண் ஆறிவிட்டது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், இது தசை வலியாக இருக்குமா, சீழ்க்கட்டி இல்லை என்று உறுதி செய்ய முடியுமா, இயன்முறை மருத்துவருக்குக் கடிதம் கொடுக்க முடியுமா’ என்று இந்த மூன்றையும் கேளுங்கள். அதற்குப் பிறகும் பதில் கிடைக்காவிட்டால், அறுவை சிகிச்சை விவரம் அடங்கிய வெளியேற்றச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வேறொரு அறுவை மருத்துவரைப் பாருங்கள்.